பிள்ளையின் பெருங்குடல் ஒபரேஷனுக்கு முன் குடலைத் தயார்படுத்துவது: மலையகப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெருங்குடலிலோ மலவாயிலோ ஒபரேஷன் செய்யப்போகும் பிள்ளைக்கு, அதற்கு முன்னால் குடலைக் காலியாக்குவார்கள். "வியாழக்கிழமை வாங்க, புதன்கிழமையிலிருந்து தெளிந்த நீராகாரம் மட்டும் கொடுங்க" என்று கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு தோட்டத்திலிருந்து வருகிற குடும்பத்துக்கு அந்த ஒரு வரி போதாது. தெளிந்த நீராகாரம் என்றால் எது? ரொட்டி கொடுக்கலாமா? பஸ்ஸில் பிள்ளை வாந்தி எடுத்தால்? லயத்தில் இராத்திரி கக்கூசுக்கு வெளியே போகவேண்டுமே? இந்தக் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடலைக் காலியாக்குவது பெரிய வித்தை இல்லை. மருந்து உள்ளே போனால் அது தன் வேலையைச் செய்யும். அப்படிக் காலியாகும்போது பிள்ளையின் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் சீனியும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் உங்கள் கண் அதன் மேலேயே இருக்கட்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் முடிவு செய்வது உங்கள் பிள்ளையின் வைத்தியர். இங்கே வருகிற எண்கள், வார்டில் நடப்பது உங்களுக்குப் புரிவதற்காக.

எந்தப் பிள்ளைக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாமல் பிறப்பதை ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்பார்கள். அந்த இடம் சுருங்கியே இருக்கும், அதற்கு மேலே மலம் தேங்கி வயிறு ஊதும். இன்னொன்று, மலவாய் இல்லாமலோ வேறு இடத்தில் திறந்தோ பிறப்பது. இரண்டும் ஏறக்குறைய 5000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வருபவை. இவற்றுக்கான பெரிய ஒபரேஷன், மலம் வெளியேற வயிற்றில் திறந்து வைத்த குடல்வாயை, அதாவது கொலஸ்டமியை, மூடுவது, குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைப்பது, இப்படியான வேலைகளுக்கு முன்தான் இந்தத் தயாரிப்பு வரும். குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பதற்கும் ஏறக்குறைய இதே முறைதான்.

குடல்வால் அழற்சி, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது போன்ற அவசர ஒபரேஷனுக்கு இது இல்லை. குடல் அடைத்திருக்கிற பிள்ளைக்கும், குடலில் ஓட்டை விழுந்திருக்கிற பிள்ளைக்கும் வாய் வழியாகப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. பிறந்து ஒன்றிரண்டு நாளே ஆன குழந்தைக்கும் பெரும்பாலும் வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். "குடலைக் கழுவாமலே ஒபரேஷன் செய்வோம்" என்று உங்கள் வைத்தியர் சொன்னால், அது அக்கறைக் குறைவு இல்லை. பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளில், வெறுமனே குடலைக் கழுவுவதால் மட்டும் தொற்றோ தையல் விடுவதோ குறையவில்லை என்று தெரிந்தது. வாய்வழி அன்டிபயோட்டிக் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் காயத் தொற்று குறைகிறது. பிள்ளைகளில் ஆய்வுகள் குறைவு, அதனால் ஒவ்வொரு சத்திரசிகிச்சை நிபுணரும் தன் அனுபவத்தின்படி முடிவெடுக்கிறார். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஒரு விதமாகவும் உங்கள் பிள்ளைக்கு வேறு விதமாகவும் நடந்தால் பதற வேண்டாம்.

ஆனால் அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமல் விடுவது மேல். கெட்டியான மலம் குடலுக்குள் ஒரு இடத்தில் கிடக்கும். பாதி கரைந்து தண்ணியாக நிற்கும் மலம், குடலைத் திறந்ததும் வயிற்றுக்குள் வழியும். ஆகவே தொடங்கினால் முடிக்க வேண்டும்.

முதல் படி: திகதி கிடைத்ததும் கிளினிக்கில் சொல்ல வேண்டியவை

மலையகத்தின் பெரும்பாலான பிள்ளைகள் இந்த ஒபரேஷனுக்குப் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பப்படுகிறார்கள். திகதி கொடுக்கும் நாளில் கூட்டம் அதிகமாக இருக்கும், டொக்டர் அவசரத்தில் இருப்பார். இருந்தாலும் இவற்றைச் சொல்லாமல் எழுந்து வராதீர்கள்.

பிள்ளைக்குச் சிறுநீரகத்திலோ இருதயத்திலோ ஏதாவது கோளாறு இருக்கிறதா? மலவாய் சரியில்லாமல் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு இவையும் கூடவே இருக்கும். எந்த மருந்து கொடுக்கலாம், எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதையே இது மாற்றிவிடும். வலிப்புக்கு மருந்து குடிக்கிறதா? பேதி மருந்தோடு சேர்ந்து அதுவும் வெளியே போய்விடலாம், அதனால் நேரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. இரும்புச்சத்துப் பாணி குடிக்கிறதா? அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்ட வைக்கும், சில நாட்களுக்கு முன்னரே நிறுத்தச் சொல்லக்கூடும். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?

கடைசியாக, மலம் எப்படிப் போகிறது. இதைத்தான் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கல்லுப்போல் போகிற பிள்ளைக்கு, அந்தக் கட்டியை முதலில் எடுக்காமல் மேலிருந்து லீட்டர் கணக்கில் மருந்தை ஊற்றினால் அது போக வழியில்லாமல் வயிறு ஊதும், வாந்தி வரும். அப்படிப்பட்ட பிள்ளையை ஒரு வாரத்துக்கு முன்னரே இளக்கத் தொடங்க வேண்டும்.

அப்புறம் தூரம். "வீட்டிலேயே மருந்து கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று சொன்னால், உங்கள் வீடு எங்கே என்று தெளிவாகச் சொல்லுங்கள். லயத்துக்கு வெளியே, பல குடும்பத்துக்குப் பொதுவான கக்கூசு; இராத்திரியில் பனி; ரோட்டுக்கு வரவே ஒரு மைல் நடை. காலையில் பஸ் ஏறினால் கினிகத்தேனை வளைவுகள், நாவலப்பிட்டி, கம்பளை என்று குலுங்கிக்கொண்டு வர வேண்டும். பேதி மருந்து குடித்த பிள்ளையை அந்தப் பயணத்தில் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. வழியில் உடம்பு வற்றினால் பார்க்கவும் ஆளில்லை. "ஒரு நாள் முந்தி வார்டில் சேர்க்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்காத தாய்தான் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் அழுதபடி வந்து சேர்கிறாள். மழைக்காலமென்றால் மண்சரிவில் ரோடு மூடப்படும் நாளையும் கணக்கில் வைத்து ஒரு நாள் கூடுதலாகக் கேட்பது புத்தி.

சம்மதக் கையெழுத்தையும் இப்போதே யோசியுங்கள். தாய் வெளிநாட்டில் வேலை, தகப்பன் கொழும்பில், பிள்ளை அம்மாயியோடு என்ற குடும்பங்கள் நம்மிடையே நிறைய. யார் கையெழுத்துப் போடலாம், என்ன கடிதம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்காவிட்டால், குடலெல்லாம் கழுவி முடிந்த பிள்ளை கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்கும். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் கார்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: வீட்டில், கடைசி இரண்டு மூன்று நாள்

சக்கை குறைந்த சாப்பாடு கொடுக்கச் சொல்வார்கள். குடலில் மிச்சம் விடாத சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அரிசிச் சோறு, நன்றாக வெந்த கஞ்சி, பாண், அவித்த முட்டை, முள்ளெடுத்த மீன், தோல் நீக்கி அவித்த உருளைக்கிழங்கு, தயிர் எல்லாம் சரி. கீரை, பருப்பு, கடலை, கௌபி, சோளம், குரக்கன், பலாக்காய், கொய்யா, விதையுள்ள தக்காளி இவை வேண்டாம். சிவப்பரிசியும் வேண்டாம்.

ரொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோதுமை மாவில் தவறில்லை, அதற்குள் போடும் தேங்காய்ப்பூதான் சிக்கல். அது செரிக்காமல் அப்படியே வந்து, கீழிருந்து குடலைக் கழுவும் குழாயை அடைக்கும். இந்த நாட்களில் தேங்காய் போடாமல் மெல்லிய ரொட்டி சுட்டுக் கொடுங்கள், சம்பல் வேண்டாம். திரிபோஷா கொடுத்து வந்தால் அதையும் நிறுத்தி வைக்கலாம்.

சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி போட வேண்டாம். மெலிந்த பிள்ளைக்குக் காயம் ஆறுவது தாமதமாகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் "வயித்தைச் சுத்தம் பண்ணிவிடுவோம்" என்று ஆமணக்கெண்ணெயோ சூரத்தாவாரைக் கசாயமோ கொடுப்பது. பெரியவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இது ஆபத்து. ஹிர்ஷ்ஸ்பிரங் நோயுள்ள குடலில் அடைப்புக்கு மேலே பேதி உந்தினால் வலியும் ஊதலும் கூடும். சாதாரணப் பிள்ளைக்குக்கூட வார்டில் கொடுக்கும் மருந்தோடு இதுவும் சேர்ந்தால் உடம்பு வற்றிவிடும். பாட்டிக்கு இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் வார்டில் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் அடிக்கப்போவதில்லை.

மருந்துக்கடையில் கிடைக்கும் சோடியம் பொஸ்பேட் எனிமாவும் அப்படித்தான். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கும், ஹிர்ஷ்ஸ்பிரங் பிள்ளைக்கும் அது ஆகாது. வெளியே வராமல் உள்ளே தங்கினால் பொஸ்பேட் இரத்தத்தில் ஏறிக் கல்சியம் இறங்கும். வலிப்பு வரும், இருதயம் நிற்கவும் கூடும்.

ஹிர்ஷ்ஸ்பிரங் பிள்ளைக்குக் காய்ச்சல், ஊதிய வயிறு, பீச்சியடிக்கும் நாற்றமுள்ள வயிற்றோட்டம், சோர்வு இவை சேர்ந்து வந்தால் அது குடல் அழற்சியாக இருக்கலாம். ஒபரேஷன் திகதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், காசில்லை. லயம் வரை வண்டி வராதென்றால் எந்தச் சந்திக்குப் பிள்ளையைக் கொண்டுவருவது என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ஒபரேஷனுக்கு முந்திய நாள், தெளிந்த நீராகாரம்

ஊடே பார்த்தால் மறுபக்கம் தெரிகிற, பால் சேராத, சக்கை இல்லாத பானம் எல்லாம் தெளிந்த நீராகாரம். சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி சரி. பால் தேத்தண்ணி ஆகாது. வடித்த கொத்தமல்லித் தண்ணீர், வடித்த கோழி சூப், சக்கையில்லாத அப்பிள் சாறு, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்), எல்லாம் ஆகும். செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நன்றாக உள்ள பிள்ளைக்குப் பரவாயில்லை. கோளாறு உள்ள பிள்ளைக்குக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சிவப்பு, ஊதா நிறச் சர்பத் வேண்டாம், பிறகு இரத்தமா சாயமா என்று தெரியாது. கஞ்சித் தண்ணீர் தெளிந்ததில் சேராது.

வெறும் தண்ணீரையே குடிக்கக் கொடுத்துக்கொண்டிருப்பது தப்பு. உப்பும் சீனியும் உள்ளதாகப் பார்த்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சீனி சீக்கிரம் இறங்கும். வியர்த்து, நடுங்கி, துவண்டு போனால் உடனே சொல்ல வேண்டும். ஜீவனியைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீராக. பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் கொதிக்க வைக்காமல் வேண்டாம்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? பேதி இல்லாத நாளில் ஒரு பிள்ளைக்குத் தேவையான தண்ணீருக்கு 1957 முதல் பயன்படும் ஒரு கணக்கு இருக்கிறது: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீட்டர், அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 12 கிலோப் பிள்ளைக்கு 1000 கூட்டல் 100, ஒரு நாளைக்கு 1100 மில்லிலீட்டர். வயிற்றால் போவது இதற்கு மேலே. வாயால் குடித்து ஈடுகட்ட முடியாத சின்னப் பிள்ளைக்குத்தான் சேலைன் ஏற்றுகிறார்கள்.

நான்காம் படி: வார்டில் மருந்து கொடுப்பது

முதலில் நிறுப்பார்கள். கம்பளிச் சட்டை, தொப்பி, காலுறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். மருந்து, சேலைன், மயக்க மருந்து எல்லாமே கிலோக் கணக்கு. எட்டுக் கிலோக் குழந்தைக்கு அரைக் கிலோ உடுப்பு சின்ன விஷயமில்லை.

பெரும்பாலும் கொடுப்பது பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற தூளை உப்புகளோடு கரைத்த நீர். இது உடம்பில் ஏறக்குறைய உறிஞ்சப்படாமல், உப்பையும் அதிகம் இழுத்துச் செல்லாமல் அப்படியே குடலைக் கழுவிக்கொண்டு போகும். அதனால்தான் பிள்ளைகளுக்கு இதைத் தேர்வு செய்கிறார்கள். முன்பு மனிடோல் என்ற சர்க்கரைக் கரைசலும் பாவித்தார்கள். குடல் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து ஐதரசன் வாயுவாக்கிவிடும். ஒபரேஷனில் மின்சாரத்தால் சுடும்போது அது வெடிக்கும் அபாயம் இருந்ததால் கைவிட்டார்கள். இதே காரணத்துக்காகத்தான் இந்த மருந்து நீரில் சீனி, மைலோ, கோர்டியல் எதையும் நீங்களாகக் கலக்கக் கூடாது. தூள் கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்கத் துண்டு கொடுத்தால், எத்தனை பைக்கட், ஒன்றுக்கு எத்தனை லீட்டர் தண்ணீர் என்பதை அந்தத் துண்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கமான வேகம் ஒரு கிலோவுக்கு மணிக்கு 25 மில்லிலீட்டர் அளவில். 12 கிலோப் பிள்ளைக்கு மணிக்கு 300 மில்லிலீட்டர். நாலு மணித்தியாலத்தில் ஒன்றேகால் லீட்டருக்குக் கிட்ட. சுவையும் உவர்ப்பு. எந்தச் சின்னப் பிள்ளையும் இதைக் குடிக்காது, குடிக்கவில்லை என்று திட்டுவதிலும் பயனில்லை. அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப் போடுவார்கள். போடும் அந்த நிமிடம்தான் கஷ்டம். பிறகு பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கலாம். "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "மூக்கில் அரிக்கும், விழுங்கு விழுங்கு என்று சொல்லும்போது எச்சிலை விழுங்கு, முடிந்துவிடும்" என்று சொல்லுங்கள். முன்னமே ஒரு பழைய டியூப்பைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தால் பயம் குறையும்.

டியூப் வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதி செய்யாமல் ஒரு சொட்டும் விடக் கூடாது. தாதி டியூப்பிலிருந்து கொஞ்சம் இழுத்து அமிலக் காகிதத்தில் தொட்டுப் பார்ப்பார், சந்தேகமென்றால் எக்ஸ்ரே எடுப்பார்கள். உங்கள் பங்கு இவ்வளவுதான்: டியூப் மூக்கருகில் எந்தக் குறியில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பிள்ளை இழுத்தோ வாந்தியில் தள்ளியோ அந்தக் குறி நகர்ந்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி உடனே கூப்பிடுங்கள். இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, மூன்றில் எது வந்தாலும் அதேதான். இந்த நீர் நுரையீரலுக்குள் போவது உயிருக்கே ஆபத்து. தலைமாட்டை உயர்த்தியே வைத்திருங்கள், மட்டமாகப் படுக்க வைத்து ஓடவிடக் கூடாது.

மருந்து நீர் சில்லென்று இருக்கக் கூடாது. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அறை வெப்பம் என்பதே குளிர்தான். ஒரு லீட்டர் குளிர்ந்த நீர் உள்ளே போனால் சின்ன உடம்பு நடுங்கிவிடும். வெதுவெதுப்பாக இருக்கட்டும், பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் திறந்து வைத்தால் மாற்றவும் சுலபம்.

ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வயிற்றால் போகத் தொடங்கும். முதலில் கட்டி, பிறகு கூழ், பிறகு பழுப்புத் தண்ணீர். கடைசியில் மெல்லிய சாயம்போல, சட்டியின் அடி தெரிகிற மஞ்சள் நீர் வந்தால் போதும். வெள்ளைத் தண்ணீராக வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் கொட்டுவதற்கு முன் தாதிக்குக் காட்டுங்கள். ஒரு கொப்பியில் நேரம், உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது என்ன நிறம், சிறுநீர் போனதா, வாந்தி எத்தனை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஷிப்ட் மாறும்போது உங்கள் கொப்பிதான் மிச்சம்.

மருந்து பல மணித்தியாலம் ஓடியும் ஒன்றும் வராமல் வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனால் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு வாந்தி வந்தால் அரை மணித்தியாலம் நிறுத்தி மெதுவாகத் தொடர்வார்கள். பச்சை வாந்தி வந்தால் டொக்டர் பார்க்காமல் தொடரக் கூடாது.

பின்பக்கத் தோல் சீக்கிரம் வெந்துவிடும். ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போடாமல் வெந்நீரும் பஞ்சும் வைத்துத் துடைத்து, ஒற்றி, சிங்க் கிறீமோ வாசலினோ தடிப்பாகப் பூசுங்கள். துவைத்துப் பழசான பருத்திச் சேலைத் துண்டுகளை நிறையக் கொண்டுபோங்கள், கடை நப்கினைவிட அவைதான் கைகொடுக்கும்.

உடம்பு வற்றுகிறதா என்று பார்ப்பது

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நாக்கும் உதடும் காய்வது, அழுதால் கண்ணீர் வராதது, கண் குழிவது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி இறங்குவது, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சுருண்டு படுப்பது. வயிற்றால் தண்ணியாகவே போவதால் சிறுநீர் போனதா என்று தெரியாமல் போகும். பெண் பிள்ளைக்கு இது இன்னும் கஷ்டம். முன்பக்கம் தனியாக ஒரு பஞ்சு வைத்துப் பார்க்கலாம்.

கை கால் சில்லிட்டிருப்பதை மலைப்பக்கத்தில் நம்ப முடியாது, எல்லாப் பிள்ளைக்கும் குளிரில் அப்படித்தான் இருக்கும். நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் எடுத்தால் கூப்பிடுங்கள்.

தமிழ் தெரிந்த மிஸ்ஸி (தாதி) அந்த இரவு வார்டில் இல்லாமல் போகலாம். சிங்களத்தில் வத்துர என்றால் தண்ணீர். பட ரிதெனவா என்றால் வயிறு வலிக்கிறது. வமனே யனவா, வாந்தி போகிறது. முத்ரா யன்னே நெஹெ, சிறுநீர் போகவில்லை. இந்த நாலும் போதும். உச்சரிப்புப் பிழையைப் பற்றிக் கூச்சப்பட இது நேரமில்லை.

ஐந்தாம் படி: கீழிருந்து கழுவுவது

ஹிர்ஷ்ஸ்பிரங் பிள்ளைகளுக்கு வாய்வழி மருந்தைவிட இதுவே முக்கியம். சிலருக்கு ஒபரேஷன் வரை வாரக்கணக்கில் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுப்பார்கள். பிள்ளையை இடப்பக்கம் சரித்தோ மல்லாக்க வைத்துக் காலைத் தூக்கியோ படுக்க வைத்து, ஜெல் பூசிய மெல்லிய றப்பர் குழாயை மலவாய் வழியாக மெதுவாக நுழைப்பார்கள். கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலீட்டர் சேலைனைச் சிறிது சிறிதாக விட்டு, வயிற்றை மெதுவாகத் தடவி, அதே குழாய் வழியாக வெளியே எடுப்பார்கள். வருவது தெளியும் வரை திரும்பத் திரும்ப.

விட்ட அளவு திரும்பி வந்ததா என்பதே இதில் கவனிக்க வேண்டியது. 200 விட்டு 80தான் வந்தது என்றால் மேலும் விடாமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். குழாய் தட்டினால் பலவந்தப்படுத்தக் கூடாது, குடல் கிழியும்.

சேலைன் என்றால் 0.9 வீத உப்பு நீர், ஆஸ்பத்திரி கொடுக்கும் போத்தல். அது தீர்ந்துவிட்டது என்று பச்சைத் தண்ணீரையோ கொதித்தாறிய தண்ணீரையோ எடுக்கக் கூடாது. வெறும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடும். இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும். சவர்க்காரத் தண்ணீர் குடலின் உள்தோலைப் பொசுக்கும். போத்தல் முடியப்போகிறது என்றால் இரண்டு நாளுக்கு முன்னரே தோட்ட ஆஸ்பத்திரியிலோ கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கேட்டு வையுங்கள்.

கொலஸ்டமி உள்ள பிள்ளை

இவர்களுக்குக் குடல் இரண்டு துண்டு. மேல் துண்டின் வாயிலிருந்து மலம் வரும். அதற்கு வாய்வழி மருந்து கொடுப்பார்கள். மலம் சேரும் பை சீக்கிரம் நிரம்புவதால் அடிக்கடி வெறுமையாக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே ஊற்றிவிடுங்கள், கனத்தில் பை உரிந்துவிட்டால் தோல் புண்ணாகும். கீழ்த் துண்டில் மலம் போவதில்லை என்றாலும் சளியும், கொலஸ்டமி வைக்கும் முன் தங்கிய பழைய மலமும் காய்ந்து கிடக்கும். வாயால் எவ்வளவு மருந்து குடித்தாலும் அது அங்கே போய்ச் சேராது. அதனால் கீழ் வாய் வழியாகக் குழாய் விட்டுச் சேலைனால் தனியாகக் கழுவுவார்கள். எது மேல் வாய், எது கீழ் வாய் என்று பிள்ளையின் அம்மாவுக்குத்தான் தினமும் பார்த்துத் தெரியும். புதிதாக வந்த தாதி கேட்டால் தயங்காமல் காட்டுங்கள்.

கடைசி இரவும் காலையும்

வாய்வழி அன்டிபயோட்டிக் கொடுப்பதென்றால் ஒபரேஷனுக்கு முந்திய நாள் பிற்பகலிலும் இரவிலும் சில வேளைகளாகக் கொடுப்பார்கள். நியோமைசினோடு மெட்ரோனிடசோல் அல்லது எரித்ரோமைசின் வழக்கமான கூட்டு. குமட்டும். குடித்த உடனே வாந்தி எடுத்துவிட்டால் சொல்லுங்கள். ஊசி வழி அன்டிபயோட்டிக் வேறு. அதைத் தியேட்டரில், வெட்டுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்துக்குள் போடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு இரவில் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சீனி பார்ப்பார்கள்.

பட்டினி நேரம் பொதுவாக இப்படி: சாப்பாடும் மாப்பாலும் 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4, தெளிந்த நீர் 2. சில இடங்களில் தெளிந்த நீரை 1 மணித்தியாலம் வரை விடுகிறார்கள். "நடுச்சாமத்துக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், "பிள்ளைக்கு எத்தனை மணிக்கு ஒபரேஷன், எத்தனை மணி வரை வெறுந்தேத்தண்ணி கொடுக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். குடல் கழுவிய பிள்ளை நடுச்சாமத்திலிருந்து பகல் வரை ஒரு சொட்டும் இல்லாமல் கிடப்பது நல்லதில்லை. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மயக்க மருந்து டொக்டரிடம் மறைக்காதீர்கள். இவ்வளவும் செய்துவிட்டுத் தள்ளிப்போடுவார்களே என்று தோன்றும்தான். ஆனால் நெஞ்சுச் சளியோடு மயக்கம் கொடுப்பது அதைவிட மோசம்.

ஒபரேஷன் தள்ளிப்போனால்

அவசர நோயாளி வந்தால், தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லாவிட்டால், லிஸ்ட் நீண்டுவிட்டால், "இன்றைக்கு இல்லை" என்று சொல்வார்கள். யார் மேலும் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் இந்த நேரத்தில்தான் பிள்ளையை எல்லோரும் மறந்துபோகும் வாய்ப்பு அதிகம். ஒபரேஷன் இல்லை என்று தெரிந்த நிமிடமே, "இப்போது குடிக்கக் கொடுக்கலாமா, சாப்பாடு எப்போது?" என்று கேளுங்கள். சேலைன் ஓடிக்கொண்டிருந்தால், பிள்ளை ஒழுங்காகக் குடித்துச் சிறுநீர் போகும் வரை அதைக் கழற்ற வேண்டாம் என்று கேட்கலாம்.

அடுத்த நாளே செய்வதென்றால் முழு மருந்தையும் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்காது. தெளிந்த நீராகாரத்திலேயே வைத்து, கீழிருந்து ஒரு தரம் கழுவினால் போதும் என்று பல வைத்தியர்கள் முடிவெடுப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இடையில் பிள்ளை வழக்கம்போலச் சாப்பிடலாம், நிறுத்திய மருந்துகளைத் தொடங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அனுப்பினால், உடனே பஸ் ஏறாதீர்கள். பிள்ளை ஒரு வேளையாவது கஞ்சி குடித்து, வயிற்றால் போவது நின்று, சிறுநீர் கழித்த பிறகு கிளம்புங்கள். புதுத் திகதியைக் கொப்பியில் எழுதி வாங்கும்போது, முந்திய முறை கொடுத்த மருந்து எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்தில் தெளிந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை வார்டில் இருப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.